கண்ணுக்குள் ஒரு கண்ணாடி!

புதிய கருவி வந்தால் வைத்தியச் செலவு குறையும் என்கிறார்கள். குறையுமா?

ஆஸ்பத்திரிக்குள் புதிய எந்திரம் நுழைந்தால், பில்லில் ஒரு வரி கூடுவதுதான் வழக்கம். ஆனால், செலவு குறைந்த கதையும் ஒன்று உண்டு. அது மதுரையில் நடந்தது.

வயதானால் கண்ணில் புரை விழும். கண்ணுக்குள் இருக்கும் தெளிவான வில்லை, பால்போல வெளுத்துவிடும். முன்பெல்லாம் அந்த வில்லையை எடுத்துவிட்டு, தடித்த 'சோடாபுட்டி' கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் போச்சு! பாட்டிக்கு வாசற்படிகூடத் தெரியாது.

விமானி கண்ணில் சில்லு

இதற்கு வழி கண்டவர், லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்ணில், விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்திருந்தன. கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டது! அதே பிளாஸ்டிக்கில் வில்லை செய்து, 1949-ல் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

வில்லை வந்தது. விலை? 1990 வாக்கில்கூட, வெளிநாட்டு வில்லை ஒன்று சுமார் 100 டாலர். பணக்காரருக்கு வில்லை, ஏழைக்குச் சோடாபுட்டி!

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஆயிரமாயிரம் கண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 'வில்லையை நாமே செய்வோம்' என்று 1992-ல் 'ஆரோலேப்' தொழிற்சாலை பிறந்தது. விலை 10 டாலருக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே!

இரண்டு மேஜை

வில்லை மலிந்தால் மட்டும் போதாது. வேலையும் மலிய வேண்டும். ஆபரேஷன் அறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒருவருக்கு முடியும்போது, அடுத்த மேஜையில் அடுத்தவர் தயார். டாக்டர் திரும்பினால் போதும். மற்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வசதி உள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கும் கண் தெரிகிறது.

எல்லா நோய்க்கும் இது நடக்குமா? நடக்காது. புரை ஆபரேஷன் சில நிமிட வேலை. ஒரு கண்ணுக்கு ஒரு தடவை. சிறுநீரகம் கெட்டவருக்கோ, வாரம் இரண்டு மூன்று முறை எந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கான செலவு குறைந்தாலும் மொத்தச் செலவு ஓயாது.

இன்னொரு செலவும் இருக்கிறது. அது பில்லில் வராது. பாட்டியை நகரத்துக்கு அழைத்துப்போக பஸ் கட்டணம். துணைக்குப் போகும் மகனின் கூலி. இதற்குப் பயந்தே வீட்டில் முடங்கியவர்கள் எத்தனையோ பேர்! அதனால்தான் ஊர் ஊராக முகாம் போடுகிறார்கள். ஆபரேஷன் தேவைப்படுவோரைப் பஸ்ஸில் ஏற்றிச் சென்று, சாப்பாடும் போட்டு, ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள்.