குமரிக்குப் போய்ச் சூரிய உதயத்தோடு திரும்புகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற ஓர் அரண்மனையைக் கேரள அரசு பராமரிக்கிறது, தெரியுமா? தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைதான் அது! 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது.

கன்னியாகுமரிக்கு வந்து, சூரிய உதயத்தைப் படம் பிடித்து, விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்வந்து, மதியமே ரயிலேறி விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசே ஆறாது. உதயம் பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அதற்குப் பிறகு ஒரு காரும், மண்ணின் கதை தெரிந்த ஒரு வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு மேற்கே கிளம்புங்கள். சுமார் 35 கிலோமீட்டரில் அரண்மனை வந்துவிடும். அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பி வாருங்கள். ஒரே பகல்தான்!

அரண்மனைக்குள் நுழைந்ததும் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள். 90 விதமான பூ வேலைப்பாடு, ஒன்று போல் இன்னொன்று இல்லை என்பார்கள்! தரையைக் குனிந்து பாருங்கள், கண்ணாடி மாதிரி மின்னும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் குழைத்துப் போட்ட தரை என்று அங்கே விளக்குவார்கள். ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து உண்ட ஊட்டுப்புரை இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, சாமியின் தாசனாக ஆண்டார். 1795இல் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரம் போனது. ஆனால் நவராத்திரி இன்னும் இங்கிருந்துதான் புறப்படுகிறது, தெரியுமா? ஆண்டுதோறும் பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்விட்டுத் திரும்புகிறார்கள். அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துவார்கள்!

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். 1741 ஆகஸ்ட் 10. அரண்மனையிலிருந்து தென்மேற்கே குளச்சல் கடற்கரை. உலகையே வளைத்துப்போட்டுக்கொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. கரையோர மீனவர்கள் மன்னருக்குத் துணை நின்றார்கள். ஆசியாவில் ஓர் ஐரோப்பியப் படை நம்மவரிடம் இப்படி மண்ணைக் கவ்வியது நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எத்தனை வரி பெறுகிறது, சொல்லுங்கள்! 1753இல் டச்சுக்காரர்கள் மாவேலிக்கரையில் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒதுங்கினார்கள். குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது. கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்தத் தூணுக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

அந்தப் போரில் கைதியானவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். கைதியை மன்னர் என்ன செய்தார் தெரியுமா? தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்! தோற்ற படையிலிருந்தவர் ஜெயித்தவர் படையை ஐரோப்பிய முறைக்கு மாற்றினார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், ‘வலிய கப்பித்தான்’ என்ற பட்டத்தோடு வாழ்ந்து 1777இல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரையில்லாத ஒரு சிற்றாலயத்தில் அவர் கல்லறை. கல்லில் லத்தீன், கூடவே தமிழ்! சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் போகின்றன, இறங்கிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இன்னும் முடியவில்லை. அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை, இதே டி லனாயிடம் பழகி, 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் துறவறம் பூணாத ஒருவர் புனிதரானது அதுவே முதல் முறை. கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில்.

குளச்சலிலிருந்து கிழக்கே வந்தால் மண்டைக்காடு, அதை அடுத்து மணவாளக்குறிச்சி. இந்தக் கடற்கரை மணலில் என்ன இருக்கிறது தெரியுமா? தோரியம்! 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்நாளில் வாயு விளக்குகளின் மேண்டில் வலை வெள்ளையாக எரியத் தோரியம் வேண்டும். ஐரோப்பியத் தெருக்களுக்கு வெளிச்சம் போட நம்மூர் மணல் போயிற்று! இன்றைக்கும் மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலை அங்கே இருக்கிறது. முட்டத்துப் பாறைகளும் கலங்கரை விளக்கமும் இதே வழிதான்.

மதியம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கேளுங்கள். தென்னமெரிக்கக் கிழங்கு இது! 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்துப் பயிரிடச் செய்தார். பஞ்ச காலத்தில் பல வயிறுகளைக் காத்தது. கடைசியில் மட்டிப்பழம் ஒன்று. புவிசார் குறியீடு பெற்ற, விரலளவே உள்ள குமரி வாழைப்பழம்.

சாயங்காலம் நடை திறந்ததும் சுசீந்திரம். சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒரே லிங்கத்தில் தாணுமாலயனாக அருள்கிற தலம். 134 அடிக் கோபுரம், 18 அடி ஆஞ்சநேயர், ஒரே கல்லில் கடைந்து தட்டினால் வெவ்வேறு சுரம் தரும் தூண்கள்! ஆனால் இதையும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்: இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று வந்த திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகே எல்லா இந்துக்களுக்கும் வாசல் திறந்தது. தூணின் இசையைச் சொல்கிற வழிகாட்டி இதையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நேரம் மிச்சமிருந்தால், கோயில் நடை திறக்கும் முன்பே வட்டக்கோட்டைக்கு ஓர் ஓட்டம் போய்வரலாம். அதுவும் டி லனாய் பலப்படுத்திய கோட்டைதான்! மதிலில் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 முதல் நிற்கும் 133 அடி வள்ளுவரையும், பாறைகளை இணைத்து 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தையும் நீங்கள் தேட வேண்டியதில்லை, அவை தாமே கண்ணில் படும். அரண்மனையையும் உதயகிரியையும் குளச்சல் தூணையும்தான் தேடிப் போக வேண்டும்.

நாள் குறிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை.