சன்ரூஃப் கீச்சிடுது: தேங்காய் எண்ணெயா, கிரீஸா?

இந்த வாரக் கேள்வி கோத்தகிரியில இருந்து வாய்ஸ் நோட்டா வந்தது. "ப்ரோ, கார் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. கோயமுத்தூர்ல ஓட்டும்போது சத்தமே இல்ல. மலை ஏற ஆரம்பிச்சதும் தலைக்கு மேல கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். மெக்கானிக் அண்ணன் கிரீஸ் வெச்சுடலாம்ங்கிறார், மாமா தேங்காய் எண்ணெய் போதும்ங்கிறார். எதைப் போடுறது?"

ரெண்டுமே வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

முதல்ல, மலையில மட்டும் ஏன் சத்தம்? சன்ரூஃப்ங்கிறது கார் கூரையில வெட்டின ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டையில ஒரு கண்ணாடி, அதைச் சுத்தி ஒரு ரப்பர் பட்டை. சமதளத்துல கார் நேரா போகும். கொண்டை ஊசி வளைவுல அப்படி இல்ல. உள்பக்கச் சக்கரம் மேல ஏற, வெளிப்பக்கம் கீழ இறங்க, மொத்த பாடியும் துணி பிழியிற மாதிரி லேசா முறுக்கிக்கும். மேட்டுப்பாளையம் - குன்னூர் ரோட்டுல இப்படி 14 வளைவு, மசினகுடியில இருந்து கல்லட்டி வழியா ஊட்டிக்கு 36. கூரை முறுக்கும், கண்ணாடி முறுக்காது. நடுவுல மாட்டிக்கிறது ரப்பர்.

அந்த ரப்பர் கண்ணாடி மேல வழுக்கிட்டுப் போனா சத்தம் வராது. ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி, மறுபடி விட்டா சத்தம் வரும். வயலின் வேலை செய்யிறதே இப்படித்தான். வில்லுல ரோசின் தேய்க்கிறது வழுக்குறதுக்காக இல்ல, தந்தியைப் பிடிச்சுப் பிடிச்சு விடுறதுக்காக. உங்க ரப்பர்ல படிஞ்ச தூசி, மரப்பிசின், பாதி காய்ஞ்ச பழைய கிரீஸ் எல்லாம் ரோசின் வேலையைத்தான் பாக்குது. கூடவே மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டி 2,200-க்கு மேல. குளிர்ல ரப்பர் விறைச்சுக்கும். கச்சேரி களை கட்டாம என்ன பண்ணும்?

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி சத்தம் எங்கிருந்து வருதுன்னு பிடிக்கணும். லாக் பாக்காம கோட்ல கை வைக்காதேன்னு ஆபீஸ்ல சொல்வோமே, அதேதான். அதே வளைவுல, கண்ணாடியோட பின்பக்கத்தை மட்டும் லேசா தூக்கி வெச்சு மெதுவா ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா ரப்பர்தான். கண்ணாடி நகரும்போது மட்டும் கரகரன்னா தண்டவாளம், அதாவது ட்ராக். வேகம் கூடக்கூட ஊஊன்னு கேட்டா அது காத்து. இடுக்கு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்க. சத்தம் குறைஞ்சா கண்ணாடியோட உயரத்தைச் சரிபண்ணணும். அதுக்கு எந்த எண்ணெயும் உதவாது.

நம்ம நேயருக்கு ரப்பர்னு வெச்சுக்குவோம். மலையில பெரும்பாலும் அதுதான்.

மாமாவோட தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பிச்சுடும். ஊட்டி வீடுகள்ல எண்ணெய் பாட்டில் கல்லு மாதிரி நிக்கிறதை எல்லாரும் பாத்திருப்பீங்க. அதே கல்லுதான் சன்ரூஃப் ஓரத்துலயும் நிக்கும். இன்னொருத்தர் நீலகிரித் தைலம் போடலாமான்னு கேட்டிருந்தார். ஐயோ சாமி! அது வழுக்க வைக்கிற எண்ணெயே இல்ல, கரைப்பான். வேர் சிகிச்சை பண்ணின பல்லுல அடைச்சிருக்கிற கட்டாபெர்ச்சாவை இளக்க பல் டாக்டர்கள் பயன்படுத்துற யூகலிப்டால், இந்தத் தைலத்தோட முக்கியச் சரக்கு. சளிக்கு ஆவி பிடிக்க வெச்சுக்கோங்க.

அடுத்து எல்லார் வீட்லயும் இருக்கிற அந்த நீல-மஞ்சள் டப்பா, டபிள்யூ.டி-40. 1953-ல சான் டியேகோவுல உருவானது. பேரோட அர்த்தமே 'தண்ணியை விரட்டுறது, 40-வது ஃபார்முலா'. அட்லஸ் ஏவுகணை துருப்பிடிக்காம இருக்கத்தான் முதல்ல பயன்பட்டுச்சு. அதுல பெரும்பகுதி பெட்ரோலியக் கரைப்பானும் லேசான எண்ணெயும். காரோட சீல்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம்.ங்கிற ரப்பர். வெயில், ஓசோன், மழை எல்லாத்தையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது. உறிஞ்சி ஊதிப்போய் வடிவம் கெட்டுடும். மெக்கானிக் அண்ணனோட சாதாரண கிரீஸ், வாசலின் எல்லாத்துக்கும் இதே கதை. முதல் வாரம் சத்தம் நிக்கும், அதனாலதான் எல்லாரும் நம்புறாங்க. அதே கம்பெனி சிலிக்கான் ஸ்ப்ரேயும் விக்குது, அது வேற சரக்கு. டப்பாவோட கலரைப் பாக்காம எழுத்தைப் படிங்க.

ரப்பருக்குச் சரியானது சிலிக்கான் கிரீஸ். ஆனா முதல்ல ஈரத்துணியில ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு ரப்பரையும் கண்ணாடி ஓரத்தையும் துடைங்க. நிறைய கார்கள்ல சத்தம் இதுலயே போயிடும். போகலைன்னா, நல்லா காய்ஞ்சதும் விரல் நுனியில கொஞ்சம் எடுத்து மெல்லிசா தடவி, மிச்சத்தைத் துடைச்சிடுங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா அது அதிகம். ஸ்ப்ரேயா இருந்தா துணியில அடிச்சுத் தடவுங்க. நேரா அடிச்சா முன்கண்ணாடியில படிஞ்சு, மழையில வைப்பர் வழிச்சு எதிர்ல வர்ற பஸ் தெரியாது. சில சீல்கள்ல வெல்வெட் மாதிரி ரோமம் இருக்கும், அதுல கிரீஸ் வேண்டாம். கிரைடாக்ஸ்னு ஒரு ஃப்ளோரின் வகை கிரீஸ் இருக்கு, எந்த ரப்பரையும் கிட்டத்தட்ட ஒண்ணும் பண்ணாது, நீண்ட நாள் நிக்கும். விலைதான் கண்ணைக் கட்டும். முதல் முயற்சிக்கே அது தேவையில்ல.

ட்ராக் வேற கதை. அலுமினியத் தண்டவாளத்துல பிளாஸ்டிக் கால்கள் ஓடும். அங்க பழசைத் துடைச்சிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆகும்னு எழுதியிருக்கிற கிரீஸ் ஒரு கோடு போதும். ஓனர்ஸ் மேனுவல் ஒரு வகையைச் சொன்னா அதையே வாங்குங்க.

கீச்சு சத்தத்தை விட எனக்குப் பயம் வேற ஒண்ணு. சன்ரூஃப் முழு வாட்டர்ப்ரூஃப் கிடையாது. ரப்பரைத் தாண்டி கொஞ்சம் தண்ணி உள்ள வரும்னு கணக்குப் போட்டுத்தான் டிசைன் பண்றாங்க. அது ஒரு வாய்க்கால்ல விழுந்து, மூலைகள்ல இருக்கிற ட்யூப் வழியா வெளிய போயிடும். நீலகிரியில காரை எங்க நிறுத்தினாலும் மேல ஒரு மரம். எஸ்டேட் பக்கம் சில்வர் ஓக், மத்த இடத்துல 1840-கள்ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த யூகலிப்டஸ், அப்புறம் பொடிப்பொடியா இலை உதிர்க்கிற சீகை. அந்தப் பொடியும் நீங்க அள்ளி அப்பின கிரீஸும் சேர்ந்தா ட்யூபுக்குக் கச்சிதமான கார்க் ரெடி. பிறகு தண்ணி கூரைத் துணி வழியா இறங்கி கார்ப்பெட்டுக்குப் போகும். பல கார்கள்ல சீட்டுக்கு அடியிலதான் ஏர்பேக் வயரிங் கனெக்டர் இருக்கு. துவைச்ச துணியே மூணு நாள் காயாத ஊர்ல நனைஞ்ச கார்ப்பெட் எப்போ காயும்?

அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை பெய்ஞ்சது. அந்த அளவு வேண்டாம், சாதாரண மழைக்கே ட்யூப் திறந்திருக்கணும். அதனால கிரீஸ் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி சன்ரூஃபைத் திறந்து, வாய்க்கால் மூலையில அரை டம்ளர் தண்ணியை மெதுவா ஊத்துங்க. முன்சக்கரத்துக்குப் பக்கத்துல சொட்டுதான்னு ஒருத்தரைக் குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க. சொட்டலைன்னா தடிமனான தூண்டில் நரம்பை மெதுவா விட்டு எடுங்க. பங்க்சர் கடையில ஏர் அடிக்க மட்டும் விடாதீங்க, உள்ள ட்யூப் ஜாயின்ட் கழண்டுக்கும். ஊட்டி, கூடலூர்க்காரங்க ஜூனுக்கு முன்னாடியே பாத்துடுங்க. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமா இருக்கும், அவங்களுக்கு செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு.