அக்கினித் தூதன்: ஓர் இசைநாடகமும் ஆவிகளைப் பகுத்தறிதலும்

தேவதூதன் தனக்குத் தோன்றினான் என்று கூறும் ஒருவரிடம் திருச்சபை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இவ்வினாவை மேடைக்குக் கொண்டுவந்து, விடை கூறாமலேயே திரையை இறக்கிவிடும் படைப்பு ஒன்று உண்டு. ருஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் புரோக்கோபியெவ் ஐந்து அங்கங்களாக அமைத்த ‘அக்கினித் தூதன்’ என்னும் இசைநாடகமே அது. வலேரி பிரியூசொவ் 1908இல் நூலாக வெளியிட்ட நாவலே இதற்கு மூலம். கதை நிகழ்வது 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில். லூத்தரின் சீர்திருத்தம் நாட்டை இரண்டாக்கியிருந்த காலம்.

போர்வீரனாகிய ரூப்ரெக்ட் ஒரு விடுதியில் தங்குகிறான். அடுத்த அறையிலிருந்து ரெனாத்தா என்னும் பெண்ணின் அலறல் கேட்கிறது. கண்ணுக்குத் தெரியாத எதிரியை நோக்கி அவன் வாளை உருவுகிறான். பின்னர் இலத்தீன் மன்றாட்டு ஒன்றைச் சொல்ல, அவள் அமைதியடைகிறாள். சிறுவயதில் மாதியேல் என்னும் ஒளிமயமான தூதன் தனக்குத் தோன்றி, தூய வாழ்வுக்குத் தன்னை அழைத்தான் என்கிறாள். பருவமெய்தியபின் அவள் அவனைச் சரீரப்பிரகாரமாக விரும்பவே, அவன் சினந்து அக்கினித் தூணாகி மறைந்தானாம். மனிதனாக வருவதாக அவன் வாக்களித்ததை நம்பி, ஹெயின்ரிக் என்னும் பிரபுவே அவன் என்று எண்ணி அவனோடு வாழ்ந்தாள், அவனும் கைவிட்டான். மீதிக் கதை முழுவதும் அவனைத் தேடும் தேட்டமே.

சாத்தானும் ஒளியின் தூதனது வேடத்தைத் தரித்துக்கொள்வான் எனப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய எச்சரிக்கையை இங்கு நினையாத இறையியல் மாணவர் இரார். எனினும், அவ்வசனத்தை ரெனாத்தாவின்மேல் உடனே சாத்திவிடுவது அத்தனை எளிதன்று. மாதியேல் மேடையில் ஒருபோதும் தோன்றுவதில்லை; அவனுக்குக் குரலும் இல்லை. ஹெயின்ரிக் மேடைக்கு வருகிறான், ஆனால் ஒரு சொல்லும் பாடுவதில்லை. மாறாக, கொலோன் நகரில் மந்திர நூல்களைக் கொண்டு ஆவிகளை அழைக்கும்போது சுவரில் எழும் தட்டல்கள் வாத்தியங்களில் எழுகின்றன. ஆகவே ரெனாத்தாவோடு நாமும் அவற்றைக் கேட்கிறோம். நாவலில் ரூப்ரெக்டே கதை சொல்வதால், ஐயுற்றால் அவனை ஐயுறலாம். இசையை யார் ஐயுறுவது? புரோக்கோபியெவின் நுண்மை இதில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் அங்கத்தில் நெத்தெஸ்ஹெயிம் அகிரிப்பா வருகிறார். இவர் வரலாற்று மனிதர் (1486–1535). மறைஞான நூல்களை எழுதிய இவரே, 1519இல் மெட்ஸ் நகரில் சூனியக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணொருத்திக்காக வாதாடி அவளை மீட்டவர். சூனியக்காரிகள் எனப்பட்டோரைத் துன்புறுத்துவதைக் கண்டித்து 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் யோகான் வயர் இவருடைய மாணவரே. இசைநாடகத்தில் இவர் மந்திரக் கலையை மறுத்துப் பேசும்போதெல்லாம், அறையிலுள்ள எலும்புக்கூடுகள் அவரைப் பொய்யர் என்று கூவுகின்றன. மெட்ஸில் அவர் காட்டிய துணிவை அறிந்தவருக்கு இக்காட்சி சற்று அநீதியாகவே தோன்றும்.

ஐந்தாம் அங்கமே நம் கவனத்திற்கு மிகவும் உரியது. ரெனாத்தா கன்னியர் மடத்தில் சேர்ந்திருக்கிறாள். அவள் வந்தது முதல் மடத்தில் அமைதியில்லை. தலைவி அவளிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறார். அவளை ஒரு மனுஷியாக எண்ணி ஒருவர் விசாரிக்கும் இடம் இதுவொன்றே எனலாம். ரூப்ரெக்டின் அன்பிலும் இச்சை கலந்திருந்தது. குறிகாரியோ குறிசொல்ல வந்தவள், அவ்வளவே. ஆனால் அடுத்து விசாரணைக் குரு நுழைகிறார். ஆவியின் தன்மையைச் சோதிக்க அவர் கேட்கும் கேள்விகள் முறையானவையே. பின்னர் பேயோட்டத் தொடங்குகிறார். அவர் கட்டளையிடக் கட்டளையிட, கன்னியர் ஒருவர்பின் ஒருவராக ஆவேசங்கொள்கின்றனர். பாடகர் குழு பல பிரிவுகளாகச் சிதறி, மேடை முழுவதும் கூக்குரலாகிறது. நோயைத் தணிக்க வந்த சடங்கே அதைப் பரப்பும் கருவியாகிறது. ரெனாத்தா பிசாசோடு கூடியவள் என்றும், சித்திரவதைக்குப்பின் எரிக்கப்பட வேண்டும் என்றும் குரு தீர்ப்பளிக்கிறார்.

இசையமைப்பாளருக்கே இப்படைப்பு ஒரு பாரமாயிற்று. 1919இல் தொடங்கி 1923இல் ஒரு வடிவத்தை முடித்த அவர், 1924இல் மேரி பேக்கர் எட்டியின் ‘கிறிஸ்தவ விஞ்ஞான’ போதனையில் ஈடுபட்டார். தீமைக்கு மெய்யான இருப்பில்லை என்பது அப்போதனை. அதை ஏற்றவர் பேய்பிடித்த கன்னியருக்கு இசை எழுதுவது எங்ஙனம்? இம்முரண்பாடு அவரது நாட்குறிப்புகளில் பதிவாகியுள்ளது. ஆயினும் 1927இல் திருத்தி முடித்தார். பெர்லினில் புரூனோ வால்டர் மேடையேற்ற இருந்தது கைகூடாமற்போகவே, 1928இல் அவ்விசையைக் கொண்டு தம் மூன்றாம் சிம்பொனியை அமைத்தார். 1953இல் மறைந்த அவர் இந்நாடகத்தை மேடையில் கண்டதில்லை. 1955இல் வெனிஸ் நகரில்தான் அது முதன்முதலாக மேடையேறியது.

நாவலின் முடிவு சற்று வேறு. அங்கே ரெனாத்தா சிறையில், ரூப்ரெக்டின் கரங்களில் உயிர் துறக்கிறாள். புரோக்கோபியெவ் அந்தக் கடைசிச் சந்திப்பை விட்டுவிட்டார். தீர்ப்பு ஒலித்தவுடன் திரை விழுகிறது. அவளுக்காக மன்றாட அங்கே எவரும் இல்லை.