உட்கார வைப்பதும் உபகாரம்தான்

"அணியில் இடம் யாருக்கு? உழைத்த மூத்தவருக்கா, திறமையுள்ள புதியவருக்கா?" புதியவருக்கே என்று பேச வந்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு இந்த அணியைக் கொடுத்த நடுவரின் குறும்பை என்னன்னு சொல்ல? எங்க கல்லூரியில எனக்கே ஓய்வு நாள் குறிச்சு வச்சிருக்காங்க!

எதிரணி நண்பர் ஷேன் வாட்சனைச் சொன்னார், கைதட்டினீங்க. நானும் தட்டினேன். 2018 ஐ.பி.எல். இறுதி ஆட்டம். சென்னை அணியை வயசானவங்க கூட்டம்னு கேலி பண்ணின வருஷம். ஜெயிக்க 179 ரன் வேணும். 36 வயசு வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கலை. ஆனா கடைசியில் 57 பந்தில் 117, ஆட்டமிழக்காமல். கோப்பை சென்னைக்கு. அனுபவத்தை நம்பினாங்க, அது கைவிடலை. ஒத்துக்கிறேன்.

அந்தப் பத்துப் பந்துப் பொறுமை புதுசா வர்ற பையனுக்கு உண்டா ஐயா?

2020-ல் ருதுராஜ் கெய்க்வாட் வந்தான். முதல் ரெண்டு இன்னிங்ஸ் 0, 5. உட்காருப்பா தம்பின்னுட்டாங்க. நாலு வாரம் ஓடிப்போச்சு. அணி தோத்துக்கிட்டே இருக்கு. இளைஞர்களிடம் பெரிசா ஒரு பொறி தெரியலைன்னு தோனியே சொன்னார். வாய்ப்பு கிட்டத்தட்ட முடிஞ்ச பிறகு பையனைத் திரும்ப இறக்கினாங்க. மறுபடி 0. அதற்கப்புறம் தொடர்ந்து மூணு அரைசதம்! அணி எட்டில் ஏழாம் இடம். அடுத்த வருஷம் அதே பையன் 635 ரன், அந்தத் தொடரிலேயே அதிகம். கோப்பையும் வந்தது. பொறி அவனிடம் இல்லையா, பார்த்த கண்ணுக்குத் தெரியலையா?

இப்ப ரெய்னாவுக்கு வர்றேன். கொஞ்சம் நெஞ்சு கனக்குது. 2008-லிருந்து நம்ம 'சின்ன தல'. 2021-ல் 12 ஆட்டத்தில் 160 ரன்தான். 2022 ஏலத்தில் அடிப்படை விலை 2 கோடி. எந்த அணியும் கேட்கலை, நம்ம அணியும் கேட்கலை. குடும்பத்துக்கு உழைச்ச அண்ணன் பந்தியில உட்கார்ந்திருக்க, இலை போடாம நகர்ந்து போனாப்பல இருந்தது. அந்த வலி நியாயம். ஆனா அணி அவருக்குப் பட்ட கடன் மரியாதைக் கடன். அதைப் பதினொரு இடத்தில் ஒண்ணைக் கொடுத்துத்தான் அடைக்கணுமா? அப்படி அடைச்சா வட்டி கட்டுறவன் வெளியே உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன்.

உப்பளத்து ஊரில் இதை நான் விளக்கணுமா? பாத்தியை மிதிமிதின்னு மிதிச்சுக் கெட்டிப்படுத்துறீங்க. அந்தத் தரை பழகப் பழகத்தான் உப்பு வெள்ளையா விளையும். ஆனா உப்பு வாரினபின் மிஞ்சுற தண்ணி கெட்டிப்பட்டுக் கசந்துபோனா, "போன மாசம் உப்புக் கொடுத்த தண்ணியாச்சே"ன்னு தேக்கி வைப்பீங்களா? திறந்து விட்டுட்டுப் புதுத் தண்ணி பாய்ச்சுவீங்க. வச்சிருந்தா அடுத்த உப்பும் கசக்கும்.

மூத்தவர் தரையா இருக்கலாம் நடுவர் அவர்களே! பிராவோ இருந்தாரே. கடைசி ஓவர்களில் பந்து போட்டே பேர் வாங்கினவர். 2022 டிசம்பரில் ஐ.பி.எல். ஆட்டத்தை விட்டார், அதே சென்னை அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார். 2023-ல் அவர் போட்ட கடைசி ஓவர்களைப் போட்டது 20 வயசுப் பதிரனா. 19 விக்கெட். அந்த வருஷமும் கோப்பை. பிராவோவுக்கு யார் மரியாதை குறைஞ்சதுன்னு சொல்லுவாங்க?

இதையும் மறந்தாங்க. 2025-ல் பத்து அணியில் பத்தாம் இடம், சென்னை வரலாற்றில் முதல் முறை. அந்த வருஷம் ஆயுஷ் மாத்ரேன்னு 17 வயசுப் பையன் வந்து, பெங்களூரில் 48 பந்தில் 94 அடிச்சான். ஆட்டம் 2 ரன்னில் போச்சு. அந்தப் பையனுக்கு இடம் எப்படிக் கிடைச்சது தெரியுமா? ருதுராஜுக்கு முழங்கை எலும்பு விரிசல் விட்டதால்! ஒரு பையன் வெளிச்சத்துக்கு வர, இன்னொருத்தர் கை உடையற வரைக்கும் காத்திருக்கணுமா நடுவர் அவர்களே?