ஜெயித்தவுடன் ஏன் தோற்கிறோம்? கைப்பேசி விளையாட்டில் எதிராளியைத் தேர்வு செய்வது யார்?

கோல சிலாங்கூர்: 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் மிட் சீசன் கப் போட்டியில், சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி பிலிப்பீன்ஸின் ஃபால்கன்ஸ் ஏபி பிரென் அணியை 4-3 எனத் தோற்கடித்து வாகை சூடியது. நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய அணி இது. அதே விளையாட்டைத்தான் தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் மாலை வேளையில் பொழுதுபோக்காக ஆடுகிறார்கள்.

அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் தவறாமல் வரும். "ரெண்டு ஆட்டம் ஜெயிச்சா, மூணாவது ஆட்டத்துல வேணும்னே பெரிய ஆளுங்களோட கோத்து விட்டுடுறாங்க." ரேங்க் இல்லாத சாதாரண ஆட்டத்திலும் ஏன் இப்படி?

உத்தி பிரிப்பது போல

நம் சடுகுடு ஆட்டத்தில் 'உத்தி பிரித்தல்' என்றொரு பழைய வழக்கம் உண்டு. சம பலமுள்ள இருவர் ஒதுங்கிச் சென்று, ஆளுக்கொரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். அணித் தலைவர் ஒரு பெயரைச் சொல்லி ஒருவரை எடுத்துக்கொள்வார். மற்றவர் எதிரணிக்குப் போவார். இரு பக்கமும் பலம் சமமாகிவிடும்.

இணைய விளையாட்டில் இந்த வேலையைக் கணினி செய்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அது ஒரு மதிப்பெண் வைத்திருக்கும். வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். பலமானவரை வென்றால் அதிகமாக ஏறும். இதற்கு மூலம் சதுரங்கம். அர்பட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960-லும் உலகச் சம்மேளனம் 1970-லும் ஏற்றுக்கொண்டன. அக்கணக்குப்படி, 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் வெல்வார். இருவரும் சமம் என்றால் பாதிக்குப் பாதி.

தொடர்ந்து வென்றவருக்கு அடுத்த எதிராளி பலமானவராக அமைவது இதனால்தான். சாதாரண ஆட்டத்திலும் பல நிறுவனங்கள் இந்த மதிப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கணக்கிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாததால் சதி போலத் தோன்றுகிறது.

திறன் மட்டுமே அளவுகோல் அல்ல. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், இணைப்பு எவ்வளவு வேகம், எத்தனை நேரம் காத்திருக்கிறோம் என்பவையும் சேரும். நள்ளிரவுக்குப் பின் ஆட ஆள் குறைவு. அப்போது கிடைத்தவரோடு சேர்த்துவிடும் வாய்ப்பு அதிகம்.

சந்தேகம் வீணா?

முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. ஆட்டக்காரரைப் பொருள் வாங்கத் தூண்டும் வகையில் ஆள் சேர்க்கும் ஒரு முறைக்கு ஆக்டிவிஷன் நிறுவனம் 2017-இல் காப்புரிமை பெற்றது. அதை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் கூறியது.

அதே நிறுவனம் 2024-இல் கால் ஆஃப் டூட்டி விளையாட்டில் செய்த ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. திறன் பார்ப்பதைக் குறைத்தபோது, 90 விழுக்காட்டு ஆட்டக்காரர்களிடையே திரும்ப வந்து ஆடுவது குறைந்தது. மிகத் திறமையான சிலருக்கு மட்டுமே அது வசதியாக இருந்தது. அதாவது, இந்த முறை இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது புதியவர்களே.

அண்ணன் கணக்கில் தம்பி

நம் வீடுகளில் நடக்கும் தவறு வேறு. ஒரே கைப்பேசி, ஒரே கணக்கு. இரவில் அண்ணன் ஆடி மதிப்பெண்ணை ஏற்றுவார். மறுநாள் பள்ளி விட்டு வந்த தம்பி அதே கணக்கில் ஆடி, அண்ணனுக்கு நிகரானவர்களிடம் அடி வாங்குவான். கூட ஆடுபவர்கள் திட்டுவார்கள். "எனக்கு ஒன்னும் வராது" என்று பிள்ளை சோர்ந்துவிடும். தோல்விக்குக் காரணம் அவன் திறமையல்ல, அவனுடையதல்லாத மதிப்பெண்.

'ஜோக்கி' எனப்படும் ஆட்களுக்குக் காசு கொடுத்து ரேங்க் ஏற்றுவதும், ஏற்றிய கணக்கை விலைக்கு வாங்குவதும் இதே கதைதான். வெள்ளியைக் கொடுத்துத் தோல்வியை வாங்குவதற்குச் சமம். கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பதால் கணக்கே பறிபோகும் ஆபத்தும் உண்டு.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுக்கலாம், அதற்குக் காசில்லை. அண்ணனும் தம்பியும் ஓர் அணியாக ஆடினால் எதிரணி பலமாக அமையக்கூடும் என்பதை முன்பே சொல்லி வைக்கலாம். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் கைப்பேசியைக் கீழே வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்தலாம்.

சமமானவரோடு ஆடினால் பாதி ஆட்டம் தோற்பது இயல்பு. இதைப் பிள்ளை புரிந்துகொண்டால், தோற்ற கோபத்தில் வைரம் வாங்க அப்பாவின் சம்பளப் பணத்தைக் கேட்கும் அவசியம் வராது.