விடுதியா, வீடா? பெயர் எந்தப் பட்டியலில்?

ஏரிக்கரைக் கணக்கு – 12

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பங்கிடும் ‘பாடு’ பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். பட்டியலில் பெயர் இருந்தால் முறை வரும். இல்லாதவர் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

இந்த வாரம் இன்னொரு பட்டியல். ‘பாடு’ பட்டியலில் முறை பெறுவது ஆண்கள்தான். இதிலோ தாய்க்கும் மகளுக்கும் இடம் உண்டு. வாக்காளர் பட்டியலைத்தான் சொல்கிறேன்.

ஏரிக்கரை ஊரான தோணிரேவின் பெயரிலேயே அதன் கதை இருக்கிறது. ரேவு என்றால் துறை. தோணி வந்து அணையும் இடம். இன்று அந்தத் துறையிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக வெளியே போகிறார்கள். காலையில் பஸ் ஏறிப் பொன்னேரி அரசுக் கல்லூரிக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்குக் குழப்பமே இல்லை. அவர்களுக்கு ஊர்தான் முகவரி. பொன்னேரி (தனி) தொகுதியில் ஓட்டு. சென்னையிலோ கோவையிலோ விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்குத்தான் கேள்வி: ‘என் ஓட்டு எங்கே?’

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது முக்கியமாக இரண்டு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். வயது வரம்பு முன்பு 21. அரசியல் சாசனத்தின் 61-ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. 1989 மார்ச் 28 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கல்லூரி மாணவர் என்ற பெரும் கூட்டம் ஓட்டுரிமைக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

‘வழக்கமாக வசிப்பவர்’ என்பதில்தான் சிக்கல். தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டும் ஒருவர் தன் ஊரில் வசிக்காதவர் ஆகிவிட மாட்டார் என்று சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே, விடுதிக்குப் போன பிள்ளையின் பெயர் பெற்றோர் வீட்டிலேயே இருக்கலாம். விடுதி முகவரியில் பதிந்துகொள்ளவும் தேர்தல் ஆணையம் வழி வைத்திருக்கிறது. அதற்கு அங்கீகாரம் பெற்ற, குறைந்தது ஓராண்டு காலப் படிப்பாக இருக்க வேண்டும். கல்லூரி முதல்வரிடமோ பதிவாளரிடமோ போனஃபைடு சான்றிதழ் வாங்கி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மாணவரின் உரிமை. விடுதிக் காப்பாளருக்கோ கட்சிக்காரருக்கோ அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பிரெய்ரி வியூ என்ற கல்லூரியில் படித்த கறுப்பின மாணவர்களை, ‘நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை’ என்று சொல்லிப் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1979-இல் மாணவர்கள் பக்கம் முடிந்தது. அவர்கள் நீதிமன்றத்தில் போராடிப் பெற்றதை நாம் ஒரு படிவத்தில் பெறலாம்.

அந்தப் படிவத்துக்கு வருவோம். புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6. முகவரி மாற்றுபவருக்கும் பிழை திருத்துபவருக்கும் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலும் செல்போன் செயலியிலும் நிரப்பலாம். தாளில் எழுதி ஊரின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. ஒரு புகைப்படம், வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வயதுக்குப் போதும். வீட்டு முகவரிக்கு ஆதாரோ, பெற்றோர் பெயரில் உள்ள கரன்ட் பில்லோ, வங்கிப் புத்தகமோ போதும். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

18 வயது நிறைந்ததா என்று கணக்குப் பார்க்கும் தகுதி நாள் முன்பு ஜனவரி 1 ஒன்றுதான். ஜனவரி 2-இல் பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள்தான். 17 வயது முடிந்தவுடனே விண்ணப்பம் கொடுத்துவைக்கலாம். 2008 ஆகஸ்டில் பிறந்த பெண்ணுக்கு 2026 அக்டோபர் 1 தகுதி நாள்.

பட்டியலின் ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பாருங்கள். வரிசைக்கு மூன்று கட்டம், பத்து வரிசை, பக்கத்துக்கு முப்பது பேர். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். அவ்வளவுதான். இந்தச் சின்னக் கட்டத்தில்தான் வம்பும் வரும். மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயர் இனிஷியலாக ஓர் எழுத்து. ஆதாரில் அதே பெயர் முழுசாக. வீட்டு எண்ணில் பழைய கதவிலக்கம் ஒன்று, புதியது ஒன்று. பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் நிற்கும். அனுப்புவதற்கு முன் விண்ணப்பம், வயதுச் சான்று, முகவரிச் சான்று மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தள்ளுபடி ஆனாலும் கதை முடிவதில்லை. 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஒரே ஒரு தவறு மட்டும் வேண்டாம். ஊரில் ஒன்று, விடுதியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விடுதிக்கு மாற விரும்பினால் படிவம் 8 போதும். படிப்பு முடிந்து திரும்பும்போது மறுபடியும் படிவம் 8.

ஏற்கெனவே இருக்கும் பெயரையும் அப்படியே விட்டுவிட முடியாது. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கினார்கள். பிள்ளை விடுதியில் இருந்தாலும் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று இடம் இருந்தது. டிசம்பர் 19-இல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள், இடம் மாறியவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. விடுதிப் பிள்ளை ‘இடம் மாறியவர்’ கணக்கில் விழுந்துவிடக் கூடாது. தேர்தல் அறிவித்த பிறகு பெயரைத் தேடாதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் அந்தத் தேர்தலுக்காகப் புதுப்பெயர் ஏறாது.

தபால் ஓட்டு மாணவர்களுக்கு இல்லை. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்து, அடுத்த மாதம் அதைக் காட்டக் கட்சிகளை அழைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. பெயர் இருக்கும் சாவடிக்கு நேரில் போவதுதான் வழி.

அப்படியானால் எங்கே பதிவது? என் கருத்தைச் சொல்கிறேன். பொன்னேரி மீன்வளக் கல்லூரி விடுதியில் ராமநாதபுரத்துப் பையன் ஒருவர் தங்கிப் படிக்கிறார் என்று வையுங்கள். ஓட்டுக்காக ஓர் இரவெல்லாம் பயணம் செய்ய முடியாது என்றால் அவர் பொன்னேரியிலேயே பதியட்டும். நான்கு ஆண்டு அந்த ஊர்த் தண்ணீரைக் குடிப்பவருக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. சென்னை விடுதியில் இருக்கும் தோணிரேவுப் பெண்ணுக்கு ஊர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். முகத்துவாரம் மண் மூடி அடைபட்டால் ஏரிக்குள் இறால் வரத்து குறையும், அவள் வீட்டு அடுப்பும் அதைச் சொல்லும். அந்தக் கேள்வியை வேட்பாளரிடம் கேட்க வேண்டிய இடம் அவள் ஊர்தான். அவள் பெயர் அங்கேயே இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். கட்டங்கள் வீட்டு எண் வரிசையில் வருகின்றன. ‘பாடு’ சீட்டில் என்றைக்கும் பெயர் ஏறாத ஒரு தாய், இங்கே தன் புகைப்பட அட்டை எண்ணோடு ஒரு முழுக் கட்டத்தில் இருக்கிறாள். அதே வீட்டு எண்ணில் அடுத்த கட்டம் மகளுடையது. அதை நிரப்பும் படிவம் மகளின் கையில்தான் இருக்கிறது.

(அடுத்த வாரம்: பெயர் ஏறிவிட்டது. தேர்தல் நாளில் சாவடிக்குள் என்ன நடக்கிறது?)