உடல் பருமன் அறுவைசிகிச்சைக்குப் பிறகு எத்தனை கிலோவில் நிற்பது? - சந்தேகங்களும் விளக்கங்களும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையுடனோ பருமனாகவோ இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. இவர்களில் மிகச் சிலருக்கே பேரியாட்ரிக் அறுவைசிகிச்சை தேவைப்படும். அதைச் செய்துகொள்ள வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு குறையும் டாக்டர்?" என்றுதான். "எவ்வளவு குறைந்தால் எனக்குப் போதும்?" என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள், ஓராண்டில் 30 கிலோ குறைந்த பிறகும் தோற்றுப்போனதாக நினைத்து வாடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே, மக்களிடம் அடிக்கடி எழும் சில சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

என் உயரத்துக்கு 60 கிலோ இருக்க வேண்டும் என்கிறது அட்டவணை. அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்தாத இலக்கு. உயரத்துக்கு ஏற்ற எடை என்று பரவிய அட்டவணைகளில் பெயர்பெற்றது அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துடையது. தன் பாலிசிதாரர்களின் ஆயுள் கணக்கை வைத்து 1943-ல் வெளியிட்டு, 1983-ல் திருத்தியது. பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீடு இன்னும் பழையது. பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெத்தலே 1830-களில் கண்ட கணக்கு அது. இரண்டுமே கூட்டத்தை அளக்க வந்தவை. பல ஆண்டுகள் 120 கிலோ சுமந்த ஒருவர் எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்வதற்காக அவை உருவாகவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 160 செ.மீ., எடை 120 கிலோ. பி.எம்.ஐ. ஏறத்தாழ 47. இந்த உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்றால் 64 கிலோ. அதாவது அதிகப்படி எடை 56 கிலோ. இவருக்கு, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவைசிகிச்சை செய்து, மொத்த எடையில் 30 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 கிலோ போய், 84 கிலோவில் நிற்பார். இது நல்ல பலன். ஆனால், அவருடைய பி.எம்.ஐ. இன்னும் 33-ஐ ஒட்டியே இருக்கும். அட்டவணை அவரை இப்போதும் பருமன் பட்டியலில்தான் வைக்கும்.

அதே உயரமுள்ள இன்னொருவர் 90 கிலோ. அவருக்கும் அதே 30 சதவீதம் குறைந்தால் 63 கிலோவுக்கு வந்துவிடுவார். அதிகப்படி எடை முழுவதும் போய்விட்டது என்று ஊரே மெச்சும். இருவரின் உடலிலும் அறுவைசிகிச்சை ஒரே அளவுக்குத்தான் வேலை செய்திருக்கிறது. அதிகப்படி எடையை வைத்துக் கணக்கிட்டால் முதலாமவருக்கு 64 சதவீதம், இரண்டாமவருக்கு 104 சதவீதம். இதனால்தான் மொத்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்க்கும் முறை நேர்மையானது என்று எண்ணுகிறேன். உங்கள் டாக்டர் ஒரு சதவீதம் சொன்னால், அது எந்தக் கணக்குப்படி என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருந்துகிறவர்கள் பலர்.

பொதுவாக, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் முறையில் மொத்த எடையில் கால் பங்கும், பைபாஸில் 30 சதவீதமும் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் குறையும் என்று எதிர்பார்க்கலாம். இவை சராசரி, கூடவும் குறையவும் செய்யும்.

அப்படியானால் இலக்கை யார் முடிவுசெய்வது? டாக்டரா, நானா?

இருவரும் சேர்ந்து. இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தெரியாத தகவல் இருக்கிறது. எந்த முறை அறுவைசிகிச்சை, தொடக்க எடை, வயது, சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து எங்கே நிற்கலாம் என்று ஊகிக்கச் சர்ஜனால் முடியும். எந்த எடையில் மாத்திரைகளைக் குறைக்கலாம் என்பது சர்க்கரை டாக்டருக்குத் தெரியும். அந்த எடையைக் காக்க தினமும் எதைச் சாப்பிட வேண்டியிருக்கும் என்று டயட்டீஷியன் சொல்வார். ஆனால் நீங்கள் இரவு ஷிப்டு பார்ப்பது, வீட்டில் பத்துப் பேருக்குச் சமைப்பது, முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதது - இவை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

எனவே, அறுவைசிகிச்சைக்கு முன்பே ஒரு தாளில் இரண்டு பகுதிகளாக எழுதிக்கொண்டு போங்கள். முதலாவது, எடை. அதை ஒற்றை எண்ணாக எழுதாமல், "82 முதல் 88 கிலோவுக்குள்" என்பதுபோல ஒரு வரம்பாகக் கேட்டு வாங்குங்கள். மாதவிடாய், உப்பு, மலச்சிக்கல் என்று எதனாலும் எடை ஓரிரண்டு கிலோ ஏறி இறங்கும். ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டவர்களுக்குத் தினமும் மன உளைச்சல்தான்.

இரண்டாவது, எதற்காக எடை குறைய வேண்டும் என்பது. இதற்கு அதிக நேரம் கொடுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வின்ச்சில் போகாமல் பழனிப் படியேற வேண்டும். குறட்டைக்காக இரவில் மாட்டும் சி-பாப் மெஷினைக் கழற்ற வேண்டும். முழங்கால் மாற்று அறுவைசிகிச்சைக்கு எலும்பு டாக்டர் சொன்ன எடைக்கு வர வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் வேறு வேறு எடையில் கைகூடும். சில, நீங்கள் நினைத்திருக்கும் எடைக்கு வெகு முன்பே கிடைத்துவிடும்.

சர்க்கரை நோயாளிகள் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மாத்திரையே இல்லாமல் குறைந்தது மூன்று மாதங்கள் சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், நோய் தணிந்த நிலை என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். சர்க்கரை வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். நீண்ட காலமாக இன்சுலின் போடுபவர்களுக்குக் குறைவு. அவர்கள், இன்சுலின் அளவைக் குறைப்பதை இலக்காக வைப்பதே நியாயம். ஒரு எச்சரிக்கை: அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில் பழைய அளவு சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் உடலுக்கு அதிகமாகிவிடக்கூடும். தலைசுற்றல் வந்தால் தாழ்சர்க்கரையாகவோ தாழ் ரத்த அழுத்தமாகவோ இருக்கலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; பழைய சீட்டிலேயே தொடரவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. அளவே வேறு என்கிறார்களே?

ஆமாம். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று கொள்கிறார்கள். குறைந்த எடையிலேயே நமக்குத் தொப்பைக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதுதான் காரணம். அதனால் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் இலக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. அதைத் தொட முடியாவிட்டாலும், மாதாமாதம் குறைந்து வருகிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

மூன்றாம் வாரமே எடை நின்றுவிட்டது. ஆபரேஷன் தோல்வியா?

இல்லை. முதல் இரண்டு வாரங்களில் வேகமாகக் குறைவதில் பெரும்பங்கு, உடல் சேமித்துவைத்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும். அது தீர்ந்ததும் சில நாட்கள் முள் அசையாது. பிறகு நகரும். ஆறாம் மாதம் வாக்கிலும் இப்படி நிற்கலாம். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும்.

என்னோடு ஆபரேஷன் செய்துகொண்டவர் 40 கிலோ குறைந்துவிட்டார். எனக்கு 25 கிலோதான்.

தொடக்க எடை, வயது, ஆணா பெண்ணா, தைராய்டு, மனநல மருந்துகள், ஸ்டீராய்டு, மூட்டுவலியால் நடக்க முடியாமை, பரம்பரை என எத்தனையோ காரணங்கள். அவருடைய 40 கிலோ அவருடைய எடையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 160 கிலோவில் 40-ம், 100 கிலோவில் 25-ம் ஒன்றுதான்.

இலக்கைத் தாண்டியும் குறைகிறது. "சீக்காளி மாதிரி ஆகிட்டியே" என்று வீட்டில் அழுகிறார்கள்.

முதல் ஆண்டில் முகமும் கழுத்தும் வாடித் தெரிவது இயல்பு. பின்னர் ஓரளவு தேறிவிடும். உறவினர்களின் கண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆனால், இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தவும் மாட்டேன். ஏனென்றால் மேல் எல்லை இருப்பதுபோல, இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லையும் இலக்கில் இருக்க வேண்டும். அதைப் பலர் கேட்பதே இல்லை.

குறைவது கொழுப்பா, தசையா என்பதே முக்கியம். தசை கரையாமல் இருக்க, தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். சுருங்கிய இரைப்பையில் இது எளிதல்ல. சைவர்களுக்கு இன்னும் கடினம். தட்டில் முதலில் பனீர், சோயா, சுண்டல், பருப்பு, தயிர். அசைவர்களுக்கு முட்டை, மீன், கோழி. சோறும் இட்லியும் பிறகு. இரும்பு, கால்சியம், பி12, வைட்டமின் டி ஆகிய சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது பெரும்பாலும் தானாக நிற்கும். ஆனால் தொடர்ந்து வாந்தி, கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வை இரண்டாகத் தெரிதல் இருந்தால் பி1 குறைபாடாக இருக்கலாம். இது அவசர சிகிச்சைக்குரியது. அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

தொங்கும் தோலும் சில கிலோ எடை கொண்டது. அதைக் குறைக்கப் பட்டினி கிடப்பது வீண். எடை பல மாதங்கள் ஒரே நிலையில் நின்ற பிறகு, பிளாஸ்டிக் சர்ஜனிடம் பேசலாம்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். இலக்கு எடை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

எடையைவிடக் காலம் முக்கியம். அறுவைசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை குறையும்போது நின்றிருந்த மாதவிடாய் திரும்பி, எதிர்பாராமல் கரு தரிப்பதும் உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். மகப்பேறு மருத்துவரிடம் முன்பே வேறு முறையைக் கேளுங்கள்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்ப 6 கிலோ ஏறிவிட்டது. எல்லாம் வீணா?

எடை மிகக் குறைந்த நிலையை ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொட்டு, பிறகு சற்றே ஏறி நிற்பதுதான் பெரும்பாலோரின் பாதை. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களின் எடை இழப்பு இரண்டாம் ஆண்டில் சராசரியாக 23 சதவீதம். பத்தாம் ஆண்டில் 17. இருபதாம் ஆண்டில் 18. இவர்களில் பலருக்குச் செய்யப்பட்டவை இன்று வழக்கொழிந்த பழைய முறைகள். அமெரிக்காவில் பைபாஸ் செய்தவர்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வில், ஏழாம் ஆண்டிலும் சராசரியாக 28 சதவீதம் இழப்பு தங்கியிருந்தது. ஆகவே, முதல் நாளே இரண்டு இலக்குகளைப் பேசிவைப்பது நல்லது. முதலாம் ஆண்டுக்கு ஒன்று. ஐந்தாம் ஆண்டில் தக்கவைக்க வேண்டியது இன்னொன்று. இரண்டாவது எடை முதலாவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், இருக்கட்டும்.

அதோடு, "எத்தனை கிலோ ஏறினால் நான் உங்களைப் பார்க்க வர வேண்டும்?" என்று ஒரு எச்சரிக்கை எண்ணையும் கேட்டு வையுங்கள். அந்த எண்ணைத் தொட்டதுமே போனால், உணவு, தூக்கம், மது, மனச்சோர்வு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் தேட நேரம் இருக்கும். தேவைப்பட்டால் எடை குறைக்கும் ஊசி மருந்துகளோ, மறு அறுவைசிகிச்சையோ இருக்கின்றன. அவற்றை டாக்டர் முடிவு செய்வார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

எடை ஏறிவிட்டதால் டாக்டரைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடமாகப் போகவில்லை.

போய்வாருங்கள். எடை ஏறுவதற்குப் பின்னால் ஹார்மோன் இருக்கிறது; இழந்த எடையை மீட்க உடல் பசியைக் கூட்டும், செலவிடும் சக்தியைக் குறைக்கும். சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை அல்ல அது. ஒரு டாக்டர் உங்களைத் திட்டினால், குற்றம் உங்களுடையதல்ல. வேறு டாக்டரைத் தேடும் உரிமை உங்களுக்கு உண்டு. எடை ஏறாதவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சத்துக் குறைபாடு எடைமெஷினில் தெரியாது.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லை என்றால், உங்களுக்குச் செய்தது ஸ்லீவா, பைபாஸா, எந்தத் தேதியில், அப்போது எடை எவ்வளவு என்ற விவரம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு வேறு பேரியாட்ரிக் பிரிவுக்குப் போகலாம். அது தொலைந்திருந்தால் நகல் கேளுங்கள். இன்றைய எடையைத் தொடக்கமாக வைத்து, புதிய வரம்பு ஒன்றை அங்கே பேசி எழுதிக்கொள்ளலாம்.